ஆளிருக்கும்போதே அடித்த மணி

காரைக்கால் தலத்தெருவில் செல்வின் வீட்டு மாடியில் ஒரு சேவல் இருந்தது. பார்த்தவர் யாருமில்லை, கேட்டவர்கள்தான் உண்டு. அது கூவத் தொடங்கினால் சுற்றுவட்டாரக் கோழிகள் எல்லாம் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு மாடியை அண்ணாந்து பார்க்கும். ஒரு வெடைக்கோழி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறியே போய்விட்டது என்று பந்தல் கடை சஃபியுல்லா சொல்வார். முந்தானை அவர் சேர்த்தது. கோழி போனது உண்மை. அங்கே அது கண்டது சேவலை அல்ல. கைலி கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த நாற்பத்தைந்து வயது ஆளை. கோழி அவமானப்பட்டு இறங்கிப் போனது.

செல்வினுக்குத் துறைமுகத்து எடைமேடையில் வேலை. நிலக்கரி லாரி ஏறி நிற்கும், எண் தெரியும், சீட்டு அச்சாகி வரும். டிரைவர் கெஞ்சினாலும் சரி, முதலாளி மிரட்டினாலும் சரி, ஒரு கிலோ கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். தீர்ப்பு நாளில் பாவ புண்ணியம் நிறுக்க ஆண்டவர் இவனைத்தான் டெபுடேஷனில் கூப்பிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவன் வேலை முடிந்து மூக்கிலிருக்கும் கரியைக் கழுவிவிட்டு மாடியேறினால் வேறு ஆளாகிவிடுவான். அங்கே எதையும் கூட்டாமல் விடமாட்டான்.

பாரிசில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்து, திரும்பத் தூக்கிப்போகச் சோம்பல்பட்டு விட்டுப்போன சாமான்கள்தான் மாடியில் இருப்பவை. கிட்டார் என்னவோ சாதாரணக் கிட்டார்தான். கம்பிகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையில்தான் வித்தை. ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாகப் பிடித்து, தடித்த ஒயர் வழியே சிந்தசைசர் பெட்டிக்கு அது அனுப்பும். பெட்டி அதைப் புல்லாங்குழலாக்கும், வயலினாக்கும், செல்வின் மெனக்கெட்டால் சேவலுமாக்கும். அங்கிருந்து சத்தம், எட்டுச் சத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிக்கிற எட்டு டிராக் ரெக்கார்டருக்குப் போகும். மனைவி ஜெயமேரி துணி தேய்க்கும் மேசையில் பாதியை அந்த ரெக்கார்டர் பிடித்துக்கொண்டது. அதற்குள்ளேயே எஃபெக்ட் இருந்தது. ரிவெர்ப் போட்டால் மாடி அறை பெரிய கோவிலாகும். கோரஸ் போட்டால் ஒருத்தர் வாசிப்பது ஒன்பது பேர் வாசிப்பதாகும். டிலே போட்டால் எக்கோ.

எக்கோ என்றால் செல்வினுக்கு உயிர். எதைக் கேட்டாலும் "கொஞ்சம் எக்கோ போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்பான். ஜெயமேரி வைத்த மத்திமீன் குழம்பைப் பற்றியும் ஒருநாள் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவன் தட்டில் விழுந்தது குழம்பின் எக்கோ மட்டும்தான்.

அந்தப் பெட்டிகளோடு வந்த விளக்கப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. படித்துச் சொன்னவர் பக்கத்து வீட்டு சவரிநாதன், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. ஆனாலும் மொழிக்கு மரியாதை தர வேண்டுமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "பொத்தானை அழுத்தவும்... பொத்தானை விடவும்..." என்று சுவிசேஷம் வாசிப்பதுபோல வாசிப்பார். செல்வின் அழுத்துவான், விடுவான். பிழையாக அழுத்தினால் "மடையா, வினைச்சொல்லைக் கவனி!" என்று அதட்டு விழும்.

வாத்தியாருக்கு மனைவி இல்லை. ஒரே மகள் ஜோஸ்பின் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கேயே தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்துகொண்டவள், மாப்பிள்ளையைக் காட்ட ஊருக்கு வந்தாள். வாத்தியார் மாப்பிள்ளையின் பிரெஞ்சில் பிழை கண்டுபிடித்தார். மாப்பிள்ளை பிறவியிலேயே பிரெஞ்சுக்காரன் என்பது வேறு விஷயம். பேச்சு முற்றி, வாசலில் நின்று ஜோஸ்பின் தெருவே கேட்கச் சொன்னாள்: "இனிமே உங்க சாவுக்குத்தான் வருவேன்!" அவரும், "அதுக்கு மறக்காம வா!" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு கழுத்துகள். எது முதலில் திரும்பும்?

போன வருஷம் வாத்தியாருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. எடுத்து எடுத்து விட்டார்கள், மறுபடி சேர்ந்தது. மே மாத வெயில் வருவதற்குள் கட்டிலோடு ஆகிவிட்டார். மூன்று வேளையும் ஜெயமேரிதான் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினாள். மகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனைச் சூசையப்பர் கோவிலில் கோபுர வேலை நடந்தது. மணியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். திருவிழாக் கொடியேற்றமோ நெருங்கிவிட்டது. மணியில்லாமல் கொடியேறுவதா? பங்குச் சாமியார் செல்வினைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஒன் பெட்டியில சேவல் கூவுதாமே, மணி அடிக்காதா?"

"பிரமாதமா அடிக்கும் சாமி. கொஞ்சம் எக்கோ போட்டு..."

"எதையோ போடு. மணி மாதிரி கேட்டாச் சரி."

பெட்டியில் மணி என்ற பெயரில் இருந்த சத்தம் ஐஸ் வண்டி மணியாக இருந்தது. செல்வின் அதை எட்டுச் சுரம் கீழே இறக்கினான். அதே சுரத்தை இன்னொரு டிராக்கில் ஒரு நூல் சுதி விலக்கி வாசித்துச் சேர்த்தான். இரண்டும் உரசிக்கொண்டதில் வெண்கலத்தின் உறுமல் வந்தது. நாக்கு மோதுகிற முதல் சத்தத்துக்கு ஒரு டிராக், வயிற்றிலிருந்து எழும்பும் சத்தத்துக்கு ஒரு டிராக். எல்லாவற்றின் மேலும் தாராளமாக ரிவெர்ப். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மிச்ச டிராக்குகள் சும்மா கிடக்கின்றனவே என்று அவனுக்கு மனம் அடித்துக்கொண்டது. அந்த ஒரு அடியை நகலெடுத்து, ஒவ்வொரு டிராக்கிலும் நன்றாகத் தள்ளித் தள்ளி, சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்தான். கடலுக்குப் போன ஓசை பக்கத்து ஊரான மண்டபத்தூர்க் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுபோல என்று அவனுடைய எண்ணம். ஹெட்போனில் கேட்டபோது அவனுக்கே கண்ணில் நீர் வந்தது.

ஜெயமேரி ஒரு காதில் வாங்கிக் கேட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா கோவில்ல இருக்குறது குழாய் ஸ்பீக்கர். இந்தக் கொழகொழப்பெல்லாம் அதுல வருமா? அதைக் கீழ எறக்கி வச்சு மெதுவா ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க."

"ஒனக்கு என்னாடி தெரியும் சவுண்ட பத்தி?"

அடுத்த நாள் உச்சிவேளையில் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கோவில் ஆம்ப்ளிஃபயரில் செருகினான். முழுச் சத்தத்தில், ஒரே ஒரு அடி, சோதனைக்கு.

குழாய் ஸ்பீக்கருக்கு அடிச்சத்தமும் தெரியாது, நுனிச்சத்தமும் தெரியாது. நடுவில் இருப்பதை மட்டும் தொண்டை கிழியக் கத்தும். அவன் இரண்டு வாரம் பூசிய ரிவெர்ப் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. இடைவெளியை நிரப்ப எதுவும் இல்லை. மிஞ்சியது இவ்வளவுதான். ஒரு அடி. மௌனம். கொஞ்சம் சன்னமாக இன்னொரு அடி. மௌனம். இன்னும் சன்னமாக இன்னொன்று.

அந்தப் பங்கில் குழந்தைக்கும் தெரியும். திருவிழா மணி கலகலவென்று விடாமல் அடிக்கும். ஒரு அடி அடித்து, ஓசை செத்தபிறகு மறு அடி அடித்தால் அது துக்க மணி.

தெரு சோற்றில் வைத்த கையோடு எழுந்தது. யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. படுத்திருப்பவர் ஒரே ஒருத்தர்தானே?

வாத்தியார் வீட்டில் ஜெயமேரி ஸ்பூனைத் தூக்கியபடி உறைந்து நின்றாள். வாத்தியார் கஞ்சியை விழுங்கிவிட்டுக் காது கொடுத்தார். "யாரோ போயிட்டாங்க போலருக்கே, பாவம்," என்று நெற்றியில் சிலுவை போட்டு, அந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டி முழுச் செபத்தையும் சொன்னார். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கூட்டம். முன்னால் இரண்டு பேர் மாலையோடு. பின்னால் சஃபியுல்லாவின் வண்டியில் ஃப்ரீசர் பெட்டி. துக்க வீட்டுக்குச் சொல்லியா அனுப்ப வேண்டும் என்று தானாகவே கொண்டுவந்துவிட்டார். ஒப்பாரியை ஆரம்பித்துவிட்ட ஒரு கிழவி, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பிணத்தைப் பார்த்து ராகத்தின் நடுவிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாது இது?" என்றார் வாத்தியார்.

ஜெயமேரிக்கு எங்கிருந்து அந்த மூளை வந்ததோ! "கொடியேத்தம் வருதுல்லைங்களா, இந்த வருசம் கொடியேத்தப் போறது நீங்கதானாம் வாத்தியாரய்யா. மரியாதை பண்ண வந்துருக்காங்க. ஏங்க, மாலையப் புடிச்சிக்கிட்டு நின்னா? போடுங்க!"

போட்டார்கள். இரண்டு மாலையும் விழுந்தன.

"அந்தப் பொட்டி?"

"ஐஸ்கிரீம் பொட்டிங்கய்யா," என்றார் சஃபியுல்லா. "திருவிழாவுக்கு." அதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

செல்வின் கோவிலிலிருந்து ஓடிவந்தபோது வாத்தியார் தன் சாவு மாலையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. கூட்டம் மெல்லக் கலைந்தது. போகிறபோது ஒவ்வொருவரும் செல்வினை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மட்டும், "எக்கோ நல்லாருந்துச்சு தம்பி," என்றார். அவன் பூமிக்குள் போய்விட இடம் தேடினான்.

இத்தோடு போயிருந்தால் சிரித்துக் கழித்திருக்கலாம். ஆனால் மணியோசை அடங்குவதற்குள் பங்கு வாட்ஸ்அப் குழுவில் வாத்தியார் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஏறிவிட்டது. போட்டவர் உடனே அழித்து, மன்னிப்பும் கேட்டுவிட்டார். அதற்குள் யாரோ அதைப் பிரான்சுக்குத் தள்ளிவிட்டார்கள். குழுவில் ஜோஸ்பின் கிடையாது. ஆகவே அழித்தது அவளுக்குத் தெரியாது, மன்னிப்பும் தெரியாது.

மாலையில் செல்வினுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ரயில் சத்தத்துக்கு நடுவில் அழுகை. "செல்வின் அண்ணே... ஜோஸ்பின். ஏர்போர்ட்டுக்குப் போயிக்கிட்டிருக்கேன். அப்பா மொகத்தப் பாக்காம மூடிடாதீங்கண்ணே. நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

'அப்பா நல்லாருக்காரும்மா, தப்பாப் போட்டுட்டாங்க' என்று தட்டினான். அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலே கட்டைவிரல் நின்றது. மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியும். வாத்தியார் இன்னும் மாலையைக் கழற்றவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்க சாவுக்குத்தான் வருவேன் என்று அவள் போட்ட சத்தம் செல்வினுக்கு ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் அவள் பாதி வழியில் திரும்பிவிடுவாள். அடுத்த முறை அவள் வரும்போது பார்க்க இவர் இருக்கமாட்டார்.

தட்டியதை அழித்தான். 'வாம்மா. நாங்க பாத்துக்குறோம்' என்று அனுப்பினான்.

பொய்யில்லைதான். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எடைமேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாதா, அதன் எடை என்னவென்று?

இரவு ஜெயமேரி செய்தியைப் பார்த்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். "பாவி மனுசா! அந்தப் புள்ள ப்ளேன்ல அழுதுக்கிட்டே வருமே!"

"வந்தா அவரு பாப்பாருல்ல, மேரி? கடைசியா ஒரு தடவை..."

"பாக்குறது அவரு சரி. வர்ற வழி யாருது? அதை நீங்களா அழுதுக்கிட்டே வரப்போறீங்க?"

உடனே ஜோஸ்பினைக் கூப்பிட்டான். அவளுடைய போன் அணைந்திருந்தது. விமானம் ஏறிவிட்டாள். அடுத்த நாள் வேலைக்குப் போனான். லாரிகள் ஏறி இறங்கின. ஒவ்வொரு எண்ணும் தன்னையே நிறுத்துக் காட்டுவதாக இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் குனிந்துகொண்டான். காரைக்காலுக்கு மேலே போகிற விமானம் எதிலும் அவள் இல்லை என்று தெரிந்தும்.

கொடியேற்றத்தன்று காலையில் சென்னையிலிருந்து டாக்சி வந்தது. வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு முன்பே செல்வின் தெருத் திருப்பத்தில் மறித்துக்கொண்டான். கதவு திறந்தது. வெள்ளைச் சுடிதார், வீங்கிய கண், பக்கத்து சீட்டில் மலர் வளையம்.

"அண்ணே! அப்பாவ வச்சிருக்கீங்கல்ல?"

"ஜோஸ்பின்... அப்பா இருக்காரும்மா."

"எங்க? வீட்லயா, ஆஸ்பத்திரியிலயா?"

"உசுரோட இருக்காரும்மா."

எல்லாவற்றையும் சொன்னான். மணி, குழாய் ஸ்பீக்கர், படம். கடைசியில் தட்டி அழித்த செய்தியையும் சொன்னான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் இறங்கி மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"ப்ளேன்லயே நான் அப்பாவப் பொதைச்சிட்டேண்ணே," என்றாள். "எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டு முடிச்சிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டே வந்தாங்க. செத்தவருகிட்ட கேக்குறது எவ்வளவு சுளுவா இருந்துச்சு தெரியுமா? இப்ப அந்த மொகத்தப் பாத்து மறுபடி மொதல்லேருந்து கேக்கணுமா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"சொன்னா வரமாட்டேன்னு நெனச்சீங்க."

"ஆமாம்மா."

"அப்பாவுக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வந்துருப்பேன். இத்தன மாசத்துல ஒரு தடவையாவது கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அவள் சொன்னது நிஜமா, கோபத்தில் வந்த வார்த்தையா என்று செல்வினுக்கு இன்றைக்கும் தெரியாது. நிஜமாக இருந்துவிடுமோ என்பதுதான் அவனுடைய நெஞ்சில் உட்கார்ந்த கல்.

அவள் எழுந்து, மலர் வளையத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இத நீங்களே வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு நடந்துபோனாள். செல்வின் வளையத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். எதிரே வந்த சஃபியுல்லா, "மறுபடியும் யாருப்பா?" என்றார்.

வாத்தியார் கொடியேற்றத்துக்காகச் சலவை வேட்டி கட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினார். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த ஜெயமேரி ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள்.

"எதுக்கு வந்தே?" என்றார் வாத்தியார்.

கொடியேற்றத்துக்கு என்று சொல்லிவிடேன் தாயே என்று செல்வின் மனத்துக்குள் கும்பிட்டான். ஆனால் அவள் யார் மகள்?

"நீங்க செத்துட்டீங்கன்னு வந்தேம்ப்பா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தன் கழுத்தைத் தடவிக்கொண்டார், மாலை இருந்த இடத்தை. கண் செல்வினிடம் வந்தது; அவன் கையிலிருந்த வளையத்தில் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று ஜெயமேரி ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத்திணறலாகி, மகள்காரிதான் பாய்ந்து முதுகைத் தாங்கி உட்காரவைத்தாள்.

"சாவுக்குத்தான் வருவேன்னே," என்றார் மூச்சு வந்ததும். "சொன்ன சொல்லுக்கு வந்துட்டே. நான்தான் தவறிட்டேன்." அப்புறம் செல்வினைப் பார்த்து, "மடையா! எனக்கு நானேவாடா செபம் சொன்னேன்?"

ஜோஸ்பின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. மன்னிப்பை அவள் எப்போது கேட்டாள், அவர் கேட்டாரா என்பதெல்லாம் கதவு சாத்திய பிறகு நடந்தது. செல்வின் வளையத்தோடு வாசலில் நின்றிருந்தான்.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் வாத்தியாரைக் கொடிக்கயிற்றைப் பிடிக்க வைத்தார்கள். அவருடைய கைக்கு மேல் மகள் கை. அதற்குள் செல்வின் மாடிக்குப் போய், தள்ளித் தள்ளி வைத்த நகல்களை எல்லாம் அழித்துவிட்டிருந்தான். ரிவெர்ப் இல்லை, கோரஸ் இல்லை. அந்த மொட்டை மணியை விடாமல் அடிக்க வைத்தான். அடுக்குத் தூக்கு மாடிப்படியில் உருளுவதுபோல இருந்தது என்று ஊரே சிரித்தது. கொடி ஏறியது.

ஜோஸ்பின் தேர்பவனி வரை இருந்தாள். கிளம்புகிற அன்று மறுபடி அதே திருப்பத்தில் டாக்சியை நிறுத்தச் சொல்லி, செல்வினைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அப்பாவோட இவ்வளவு நாளு இருந்தது ஒங்களாலதான். அதுவும் தெரியுது. ரெண்டையும் ஒண்ணாச் சேக்கத் தெரியலை எனக்கு."

"சேக்க வேணாம்மா."

"ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அடுத்த தடவை படத்தையும் நம்பமாட்டேன், மணியையும் நம்பமாட்டேன். நீங்கதான் போன் பண்ணிச் சொல்லணும், ஒங்க வாயால."

ஐப்பசி அடைமழையில் ஒரு பிற்பகல் அந்த வேலை வந்து சேர்ந்தது. ஜெயமேரி ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது, அவ்வளவுதான். செல்வின் மாடிக்குப் போய், ரெக்கார்டர் பக்கம் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு எண்களை அழுத்தினான். மணி போனது. எடுத்தாள். முன்னுரை பேசலாம், ஆறுதல் சொல்லலாம், சுற்றி வளைத்து வரலாம் என்று நாக்கு துடித்தது.

"ஜோஸ்பின், அப்பா செத்துட்டாரும்மா," என்றான்.

மழைக்கு நடுவில் கோவில் கோபுரத்தில் மறுபடி ஏற்றியிருந்த மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு அடி. ஓசை முழுவதும் சாகிறவரை மௌனம். மறு அடி.

"அண்ணே," என்றாள் அவள் மெல்ல. "அது ஒங்க மணியா?"

"இல்லம்மா," என்றான் செல்வின். போனை ஜன்னலுக்கு வெளியே மழையில் நீட்டிப் பிடித்தான். மணி அடித்து ஓய்கிற வரை கையை மடக்கவில்லை.